ஆவூருக்கு வந்த திருத்தைலம்

கிறிஸ்தவத்தில் எண்ணெய் பூசுதல் என்பது ஓர் ஆளையோ பொருளையோ கடவுளுக்கென்று பிரித்து வைத்ததன் அடையாளம். கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கென மூன்று எண்ணெய்கள் உண்டு. திருமுழுக்குப் பெறப்போகிறவரின் நெஞ்சில் பூசுவது ஆயத்த எண்ணெய். நோயில் கிடப்பவருக்குப் பூசுவது நோயாளர் எண்ணெய். மூன்றாவது, கிறிஸ்மா என்னும் திருத்தைலம். பால்சம் என்ற நறுமணப் பிசின் கலந்தது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவரின் உச்சந்தலை, உறுதிப்பூசுதல் பெறுபவரின் நெற்றி, குருப்பட்டம் பெறுபவரின் உள்ளங்கைகள், ஆயராகிறவரின் தலை, புதுக் கோயிலின் பீடம், சுவர் ஆகியவற்றில் இதைப் பூசுவார்கள். மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய வாரத்தில், ஆயர் குருக்கள் சூழ நின்று அர்ச்சிக்கிறார். அங்கிருந்து அவை சிறு சிமிழ்களில் பங்குகளுக்குப் போகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தோலிக்கப் பங்குகள் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மறைமாவட்டங்களைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றின் எண்ணெயும் அந்த இரு நகரங்களிலிருந்தே வருகிறது.

இன்று அது பேருந்தில் ஓரிரு மணி நேரப் பயணம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. எண்ணெய் பூசுவதன் பொருளைத் தமிழ் மண்ணில் யாருக்கும் பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்த எண்ணெய், அதை அர்ச்சித்தவர் யார், யாருடைய வீட்டு வாசல்வரை அது போகும் என்ற இடங்களில்தான் சிக்கல் எழுந்தது. அந்தச் சிக்கல்களை எல்லாம் கண்ட ஊர், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் விராலிமலை ஒன்றியத்தில் உள்ள ஆவூர்.

இந்த வழக்கத்தின் வேர் யூதர்களின் மறைநூலில் இருக்கிறது. விடுதலைப் பயண நூலின் 30ஆம் அதிகாரம் திருத்தைலத்துக்கு ஒரு செய்முறையே தருகிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, இவற்றோடு ஒரு ஹின் அளவு ஒலிவ எண்ணெய். சேக்கல் என்பது சுமார் 11 கிராம் என்பதால், 500 சேக்கல் ஐந்தரைக் கிலோவுக்குக் குறையாது. சந்திப்புக் கூடாரம், உடன்படிக்கைப் பேழை, விளக்குத்தண்டு, பீடம் ஆகியவற்றின் மேலும், ஆரோன் மேலும் அவர் புதல்வர் மேலும் அதைப் பூச வேண்டும். அதே அளவில் சொந்தப் பயனுக்குத் தைலம் செய்யவோ, சாதாரண மனிதர் உடலில் ஊற்றவோ கூடாது என்ற தடையும் அங்கேயே இருக்கிறது. வீட்டில் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளைக் கடவுளுக்கென்று ஒதுக்க வேண்டுமானால், வேலி இட்டுத்தான் ஒதுக்க முடியும்.

பின்னர் அரசர்களுக்கும் இது வந்தது. சாமுவேல் முதலில் சவுலையும், பிறகு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீதையும் எண்ணெய் வார்த்து அரசராக்கினார். எலிசாவை இறைவாக்கினராக அருள்பொழிவு செய்யும்படி எலியாவுக்குக் கட்டளை வந்தது. குரு, அரசர், இறைவாக்கினர் ஆகிய இந்த மூன்று பணிகளும் இயேசுவிடம் ஒன்றுசேர்ந்தன என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. மெசியா, கிறிஸ்து என்ற பட்டங்கள் அந்த அருள்பொழிவையே குறிக்கின்றன. ஆனால் நற்செய்தி நூல்களின்படி எந்தக் குருவும் அவர் தலையில் எண்ணெய் வார்த்து அவரை அப்பணியில் அமர்த்தவில்லை. யோர்தான் ஆற்றில் அவர்மேல் இறங்கிய ஆவியானவரே அவருக்குத் தைலம் என்று திருத்தூதர்கள் போதித்தார்கள். எண்ணெய் தூய ஆவியின் அடையாளமானது இந்த வழியில்தான். திருமுழுக்கின்போது பச்சிளங்குழந்தையின் உச்சியில் கிறிஸ்மாவைப் பூசும் குரு, அந்தக் குழந்தைக்கும் குரு, இறைவாக்கினர், அரசர் என்ற மூன்று பணிகளிலும் பங்கு உண்டு என்று சொல்லிப் பூசுகிறார்.

நோயாளிக்கு எண்ணெய் பூசும் மரபு வேறொரு கிளை. திருத்தூதர்கள் நோயுற்ற பலருக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள் என்று மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. நோயுற்றவர் சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்ட வேண்டும் என்று யாக்கோபின் திருமுகம் 5ஆம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறது. பின்னால் கத்தோலிக்கர், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தேயினர் ஆகிய மூவரும் சண்டையிட்டுக்கொண்டது இந்த இரண்டு வசனங்களை வைத்துத்தான்.

தொடக்கத் திருச்சபையில் எண்ணெய்க்கு இன்னும் தாராளமான இடம் இருந்தது. இப்போலித்து பெயரில் வழங்கும் திருத்தூதர் மரபு என்ற நூல், தீய ஆவியை விலக்கும் எண்ணெய், நன்றி எண்ணெய் என்று இரண்டைப் பிரித்துச் சொல்கிறது. மிலான் நகர ஆயர் அம்புரோசு, திருமுழுக்குக்கு முன் பூசும் எண்ணெயை மல்யுத்தக் களத்தில் இறங்கும் வீரன் உடம்பில் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய்க்கு ஒப்பிட்டார். தீமையோடு மல்லுக்கு நிற்கப்போகிறவனை அலகை எளிதில் பிடித்துவிடக் கூடாது என்பது கருத்து. இடைக்காலத்தில் இவை வரையறைக்குள் வந்தன. 1439இல் பிளாரன்ஸ் பொதுச்சங்கத்தின் ஆணை, உறுதிப்பூசுதலுக்கு ஒலிவ எண்ணெயும் பால்சமும் கலந்த கிறிஸ்மா, சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் தரும் கடைசிப் பூசுதலுக்கு ஆயர் அர்ச்சித்த ஒலிவ எண்ணெய் என்று தெளிவாகச் சொன்னது. 1551இல் திரெந்து பொதுச்சங்கம் அதை மறுபடி உறுதிப்படுத்தியது. ஒலிவமரமே விளையாத ஒரு நாட்டுக்கு இந்தச் சட்டம் கப்பலேறி வந்து சேர்ந்தது.

எண்ணெயைப் பொறுத்தவரை தமிழ்நாடு வெறும் களமாக இருக்கவில்லை. சோழர் கல்வெட்டுகள் செக்குக்கு வாங்கிய செக்கிறை என்ற வரியைப் பேசுகின்றன. கோயில் விளக்குக்கு எண்ணெய் விட்ட கொடைகளைப் பதிந்த கல்வெட்டுகள் புதுக்கோட்டைப் பகுதியிலும் உண்டு. தெய்வத் திருமேனிக்கு எண்ணெய்க்காப்பு, மணமக்களுக்கு நலங்கு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், இறந்தவர் தலையில் உறவினர் வைக்கும் எண்ணெயும் சீயக்காயும் என்று பிறப்பு முதல் இறப்பு வரை எண்ணெய் படாத சடங்கு குறைவு. அது அரசனுக்கும் உரியது, பிணத்துக்கும் உரியது. மேலை நாட்டுக் குருக்கள் தங்கள் சடங்குகளில் எதை எடுத்துச் சொன்னாலும் ஏதோ ஓர் எதிர்ப்பைச் சந்தித்த நிலத்தில், எண்ணெய் மட்டும் வாதமின்றி உள்ளே நுழைந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மதுரை மறைபரப்புத் தளத்தை இயேசு சபையின் இராபர்ட் தெ நொபிலி 1606இல் தொடங்கினார். பிராமணத் துறவியின் கோலத்தில் அவர் உயர் சாதியாரிடையே வேலை செய்தார். 1640இல் பல்த்தசார் த கோஸ்தா பண்டாரசாமி என்ற இன்னொரு கோலத்தை ஏற்றார். மற்றச் சாதியாரிடம் வெளிப்படையாகப் பழக அது வழி செய்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான யோவான் வெனான்சியுஸ் புஷே அடிகளார் ஆவூரில் மறைத்தளத்தை நிறுவிக் கோயில் கட்டினார். சில சுற்றுலாக் குறிப்புகள் அவர் 1547இல் கோயில் கட்டியதாக எழுதுகின்றன. அவர் பிறந்ததே 1655இல் என்பதால் அது அச்சுப்பிழையாகத்தான் இருக்க வேண்டும். இன்றுள்ள பெரிய கோயில் 1747ஐச் சேர்ந்தது. வீரமாமுனிவரும் ஆவூரில் பணியாற்றியிருக்கிறார். உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நடக்கும் பாஸ்கு நாடகத்துக்கும் தேருக்கும் ஊர் பெயர் பெற்றது.

புஷே பணியாற்றிய காலத்தில்தான் மலபார் சடங்குகள் வழக்கு வெடித்தது. பாப்பரசர் பதினோராம் கிளமெந்தின் தூதராகச் சீனா செல்லும் வழியில், சார்ல்ஸ் தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். இயேசு சபையினர் உள்ளூர் வழக்கங்களுக்கு மிகவும் இடம் கொடுத்துவிட்டார்கள் என்ற புகார்களை விசாரித்து, 1704 ஜூன் 23ஆம் நாள் 16 பிரிவுகள் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, நெற்றியில் திருநீறு கூடாது, சடங்கு முறையில் நீராடக் கூடாது என்று அது நீண்டது. திருமுழுக்கைப் பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. உரோமைச் சடங்கில் குரு தம் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார், முகத்தில் மூச்சை ஊதுவார், நாவில் உப்பிடுவார். எச்சிலும் மூச்சும் தமிழர்களுக்கு அருவருப்பு என்பதால் மதுரை மறைப்பணியாளர்கள் அவற்றை விட்டுவிட்டிருந்தார்கள். இனி எச்சில், மூச்சு, உப்பு எதையும் விடக் கூடாது என்றார் தூர்னோன்.

விடுபட்டவற்றின் அந்தப் பட்டியலில் எண்ணெய் இல்லை. அதை யாரும் விட்டிருக்கவில்லை. விடச் சொல்லவும் இல்லை. ஒரே திருமுழுக்குச் சடங்கில் எச்சில் வழக்காகி உரோமை வரை போக, எண்ணெய் பேச்சுமூச்சின்றி நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அதே ஆணையின் இன்னொரு பிரிவு எண்ணெயை நேராகத் தொட்டது. உயர் சாதியாரின் மதிப்பை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தில், துறவிக் கோலம் பூண்ட குருக்கள் பறையர் குடியிருப்புக்குள் நுழைவதைத் தவிர்த்தார்கள். சாகக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ வெளியே ஓர் இடத்துக்கோ கொண்டுவந்தால் அங்கே அருட்சாதனங்களை வழங்கினார்கள். நற்கருணையையும் கடைசிப் பூசுதலையும் அந்த மக்களின் குடிசைக்குள்ளேயே சென்று கொடுக்க வேண்டும், தூக்கிவரும்வரை காத்திருக்கக் கூடாது என்று தூர்னோன் கட்டளையிட்டார். எச்சில் பிரிவைவிட இந்தப் பிரிவே மறைத்தளத்தை அதிகம் உலுக்கியது என்று சொல்லலாம். எச்சிலுக்குச் சலுகை கேட்பது எளிது. நோயாளியின் வீட்டுக்குப் போக முடியாது என்பதற்குச் சலுகை கேட்பது அவ்வளவு எளிதல்ல. யாக்கோபின் திருமுகமே மூப்பர்களை நோயாளியிடம் வரச் சொல்கிறது, நோயாளியைத் தூக்கிவரச் சொல்லவில்லை.

ஆணையை எதிர்த்து வாதாடப் பிரான்சிஸ்கு லைனெஸ் அடிகளாரோடு உரோமைக்குப் போனவர் ஆவூரைக் கட்டிய அதே புஷே. லைனெஸ் மயிலாப்பூர் ஆயரானார்; புஷே மறைத்தளத்துக்குத் திரும்பி 1732இல் புதுச்சேரியில் இறந்தார். வழக்கு அவரோடு முடியவில்லை. 1734இல் பன்னிரண்டாம் கிளமெந்து சில பிரிவுகளைத் தளர்த்தினார். 1744 செப்டம்பர் 12ஆம் நாள் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட மடல் இறுதித் தீர்ப்பாயிற்று. எச்சிலுக்கும் மூச்சுக்கும் குறிப்பிட்ட காலத்துக்குச் சலுகை நீண்டது. சாதி விஷயத்தில் கிடைத்தது ஓர் ஏற்பாடு: பறையர்களுக்கென்று தனியாக மறைப்பணியாளர்களை அமர்த்துவது. எண்ணெய் இனி எல்லாக் குடிசைக்கும் போகும், ஆனால் அதைக் கொண்டுபோகும் கை வேறாக இருக்கும். உரோமையின் சட்டத்துக்கும் ஊரின் சாதிக்கும் ஒரே நேரத்தில் பணிந்த தீர்வு அது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் தனி இடம், தனிக் கல்லறை என்று பின்னாளில் நடந்த வழக்குகளுக்கும் இந்தப் போக்குக்கும் உறவு உண்டு.

இரண்டாவது சிக்கல், எண்ணெய் வரும் வழி. நல்லெண்ணெய் ஊர்தோறும் செக்கில் ஆட்டப்பட்டது, ஆனால் சட்டப்படி அது செல்லாது. ஒலிவ எண்ணெய் ஐரோப்பாவிலிருந்து கடல் வழியே வர வேண்டும். பால்சத்துக்கும் தட்டுப்பாடு. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் கிடைத்த பழைய பால்சம் அரிதாகிவிட்டதால், 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் காடுகளில் கண்ட பால்சத்தையும் கலக்க உரோமை அனுமதி தந்தது. எண்ணெயும் பால்சமும் கையில் இருந்தாலும் அர்ச்சிக்க ஆயர் வேண்டும். கொடுங்கல்லூர், கொச்சி, மயிலாப்பூர் என்று ஆயர் பீடங்கள் எல்லாம் கடலோரத்தில் இருந்தன. ஆவூர் உள்நாட்டில், அடிக்கடி போர் நடந்த பாளையங்களின் நடுவில் இருந்தது. பெரிய வியாழனன்று எண்ணெய் அர்ச்சிக்கும் ஆயருடன் 12 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள் நிற்க வேண்டும் என்று உரோமை ஆயர் சடங்கு நூல் விதித்தது. மறைபரப்பு நாடுகளில் அத்தனை பேரை ஓரிடத்தில் சேர்ப்பது இயலாது என்பதால், கிடைத்த குருக்களோடு செய்துகொள்ளச் சலுகை தரப்பட்டது. புது எண்ணெய் வந்து சேராத தொலைதூரத்தில் பழையதையே தொடரவும் இடம் இருந்தது. சிமிழில் எண்ணெய் குறைந்தால், அர்ச்சிக்காத ஒலிவ எண்ணெயைக் குறைந்த அளவில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதி 1917இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. விளக்கில் எண்ணெய் வற்றாமல் ஊற்றிக்கொண்டே வருவதைப்போல, ஓர் ஆயரின் ஆசீர் துளித்துளியாகப் பல மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டது.

இந்தத் தட்டுப்பாட்டின் விளைவு உபதேசியாரின் வேலையில் தெரிந்தது. பரந்த பகுதிக்கு ஒரு குரு என்றிருந்த காலத்தில், ஊர்களில் சமயத்தை நடத்தியவர் உபதேசியார். வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்ற நூலை அவர்களுக்காகவே எழுதினார். உயிர் போகும் அவசரத்தில் உபதேசியார் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம், பாவத்துக்கு மனம் வருந்தும் மன்றாட்டைச் சொல்லிக் கொடுக்கலாம், செபிக்கலாம். எண்ணெய் பூச மட்டும் முடியாது. அது குருவுக்கு மட்டுமே உரியது. இதனால் நீர் எல்லா ஊரிலும் கிடைத்த அடையாளமாகவும், எண்ணெய் சாமியார் வந்தால் மட்டும் கிடைக்கும் அரிய அடையாளமாகவும் மக்கள் மனத்தில் பிரிந்தன. உறுதிப்பூசுதல் அதைவிட அரிது. அதற்கு வழக்கமாக ஆயரே வர வேண்டும்.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் மதுரை மறைத்தளம் ஆதரவற்றுப் போனது. கோவாவின் குருக்களும் புதுச்சேரியின் பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்களும் ஆங்காங்கே கவனித்துக்கொண்டார்கள். 1830களின் இறுதியில் யோசேப்பு பெர்த்ராந்து தலைமையில் பிரெஞ்சு இயேசு சபையினர் திரும்பி வந்தார்கள். திருச்சி மேலப்புதூரில் மரியன்னை பேராலயம் 1841இல் எழுந்தது. 1847இல் அலெக்சிஸ் கனோஸ் திருச்சியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையின் கத்தோலிக்கர்களுக்கு முதன்முறையாக எட்டும் தொலைவில் ஓர் ஆயரும், ஆண்டுதோறும் புது எண்ணெயும் கிடைத்தது இந்த மாற்றத்தால்தான்.

பூசல் மட்டும் ஓயவில்லை. ஆயர்களை முன்மொழியும் போர்த்துகீசிய அரசின் பதுரவாதோ உரிமையின்கீழ் இருந்த குருக்கள், உரோமை நேரடியாக அமர்த்திய ஆயரை ஏற்க மறுத்தார்கள். பல ஊர்களில் இரண்டு கோயில்களும் இரண்டு சாமியார்களும் இருந்தனர். ஆயர் மாறினால் எண்ணெயும் மாறும். யார் அர்ச்சித்த எண்ணெயைச் சிமிழில் வைத்திருக்கிறார் என்பதே ஒரு குரு எந்தப் பக்கம் என்பதைக் காட்டிவிடும். உரோமையும் போர்த்துகலும் செய்த 1886இன் உடன்படிக்கை இந்தப் பிளவைத் தணித்தது. அதே ஆண்டு மதுரை ஒரு முழு மறைமாவட்டமாயிற்று. அதன் பெயர் விரைவில் திருச்சிராப்பள்ளி என்று ஆனது. தஞ்சாவூர் 1952இல் தனி மறைமாவட்டமானது.

19ஆம் நூற்றாண்டில் எண்ணெயின் முகம் பெரும்பாலும் மரணத்தின் முகமாகவே இருந்தது. காலரா அடிக்கடி ஊர்களை வாரிக்கொண்டுபோன காலம் அது. நோயாளியைப் பார்க்கக் குதிரையிலும் மாட்டுவண்டியிலும் போன குருக்களையும் அது விடவில்லை. திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபையினரில் பல இளைஞர்கள் 1840களிலேயே இறந்துபோனார்கள். சாமியார் சிமிழோடு வந்தால் கண், காது, மூக்கு, வாய், கை என்ற ஐம்புலன்களின் வாயில்களிலும் பாதத்திலும் சிலுவை வரைந்து பூசுவார். ஒவ்வொரு புலன் வழியாகச் செய்த பாவமும் மன்னிக்கப்பட வேண்டும் என்று வேண்டுவார். குருவுக்குப் பூசும்போது உள்ளங்கையில் பூசுவதில்லை, அது ஏற்கெனவே தைலம் பெற்றது என்பதால் புறங்கையில் பூசுவார்கள். இந்தச் சடங்குக்கு மக்கள் வழக்கில் அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். அவஸ்தை கொடுத்தாயிற்று என்றால் இனி மருத்துவர் தேவையில்லை என்று அர்த்தம். அதனால் பல குடும்பங்கள் சாமியாரைக் கூப்பிடுவதைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போட்டன. சாமியாரின் வருகையே நோயாளியைப் பயமுறுத்திவிடும் என்று அஞ்சினார்கள். குணமாவதற்கென்று யாக்கோபு சொன்ன எண்ணெய், சாவின் முன்னறிவிப்பாகத் திரிந்தது தமிழ்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததல்ல. இடைக்கால ஐரோப்பாவிலேயே தொடங்கிய திரிபு அது.

புதுக்கோட்டை நகரத்துக்கு வந்த சீர்திருத்தச் சபையினரிடம் இந்தச் சிமிழே இல்லை. மார்ட்டின் லுத்தர் 1520இல் எழுதிய நூலிலேயே கடைசிப் பூசுதலை அருட்சாதனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார். யாக்கோபு பேசுவது பொதுவான நோயாளிகளைப் பற்றி, சாகிறவர்களைப் பற்றி அல்ல என்பது அவர் வாதங்களில் ஒன்று. இங்கிலாந்துத் திருச்சபை தன் 1549 மன்றாட்டு நூலில் நோயாளர் பூசுதலை வைத்திருந்து, 1552 பதிப்பில் எடுத்துவிட்டது. எனவே தரங்கம்பாடி மறைத்தளத்தின் மரபில் வந்த லுத்தரன்களும் ஆங்கிலிக்கன் மரபினரும் மரணப்படுக்கையில் திருவிருந்தும் செபமும் பாட்டும் வைத்துக்கொண்டார்கள். எண்ணெய் அவர்களுக்குப் பிரசங்கத்தில் வரும் உவமையாக நின்றது: பத்துக் கன்னியர் கதையில் விளக்குக்கான எண்ணெய், நல்ல சமாரியர் காயத்தில் வார்த்த எண்ணெய், தாவீதின் சங்கீதத்தில் தலையில் பொழியும் எண்ணெய்.

கத்தோலிக்கரிடம் பெரிய திருப்பம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் வந்தது. 1955இல் பன்னிரண்டாம் பயஸ் பெரிய வாரச் சடங்குகளைச் சீர்செய்தபோதே, பெரிய வியாழன் காலையில் எண்ணெய் அர்ச்சிப்புக்கென்று தனித் திருப்பலி மீண்டும் வந்திருந்தது. 1970இல் அத்திருப்பலியில் குருக்கள் தங்கள் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் பகுதி சேர்ந்தது. தொலைவிலுள்ள பங்குகளின் வசதிக்காக அதே வாரத்தில் முந்தைய நாளொன்றிலும் நடத்தலாம். 1972 நவம்பர் 30ஆம் நாள் ஆறாம் பவுல் வெளியிட்ட சட்டம் மூன்று விஷயங்களைச் செய்தது. பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல, கடும் நோயுற்றவருக்கும் முதியவருக்கும் உரியது என்றது. புலன்தோறும் பூசாமல் நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும் என்றது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்றது. கடல் தாண்டி வரும் எண்ணெய்க்காகப் பழைய ஆவூர் காத்திருந்ததற்குக் காரணமான சட்டம் அதோடு தளர்ந்தது. அவசரத்தில் குருவே நோயாளர் எண்ணெயை அர்ச்சிக்கலாம் என்று 1983இன் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் கிறிஸ்மாவை ஆயர் மட்டுமே அர்ச்சிக்க முடியும். செக்கு எண்ணெய் சட்டப்படி செல்லும் என்றானபிறகும் பல இடங்களில் ஒலிவ எண்ணெயே தொடர்கிறது என்பது வேடிக்கை. கிடைக்காதபோது கட்டாயமாக இருந்தது, கிடைக்கும்போது விருப்பமாகிவிட்டது.

அதே காலத்தில் எண்ணெய் இன்னொரு கதவு வழியாகவும் பீடத்துக்கு வந்தது. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டுப் பெற்ற 12 வழிபாட்டுத் தழுவல்களில், மெழுகுத்திரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம் என்பது ஒன்று. பெங்களூரில் அமலோற்பவதாஸ் அடிகளார் நடத்திய மையம் இவற்றைப் பரப்பியது. சிலர் இதை இந்து மயமாக்கல் என்று எதிர்த்தார்கள். இன்று குத்துவிளக்கு இல்லாத கோயில் விழா அரிது.

அவஸ்தைப்பூசுதல் என்ற பெயர் நோயில்பூசுதல் என்று மாறியது, மக்களின் அச்சம் மெதுவாகத்தான் மாறுகிறது. இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள், லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11இல் வருகிறது. அன்று பல பங்குகளில் முதியவர்களும் நோயாளிகளும் வரிசையாக அமர்ந்து ஒன்றாகப் பூசுதல் பெறுகிறார்கள். வீட்டு இருட்டறையில் தனியே நடந்தது, எல்லோர் கண்முன்னும் கோயிலில் நடக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் தாமாகவே கேட்டுப் பெறுபவர்களும் உண்டு. ஒருமுறை பெற்றவர், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

அருட்சாதன எண்ணெய்க்கு வெளியே, வேலி இல்லாத எண்ணெய் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களிலிருந்து மந்திரித்த எண்ணெயைப் புட்டியில் வாங்கி வருவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்; புதுக்கோட்டைக்காரர்களும் அதற்கு விலக்கல்ல. சாதி, சமயம் பார்க்காமல் இந்துக்களும் வாங்குகிறார்கள். வயிற்றுவலிக்குத் தடவுவது, பிள்ளையின் நெற்றியில் வைப்பது, மாட்டுக்குப் பூசுவது என்று அதன் பயன்களுக்கு எல்லை இல்லை. இது நோயில்பூசுதலுக்கு உரிய எண்ணெய் அல்ல; தீர்த்தத்தைப் போல ஆசீர்வதிக்கப்பட்ட ஒரு பொருள் மட்டுமே. அந்த வேறுபாட்டை மறைக்கல்வி வகுப்பு சொல்லிக்கொடுக்கிறது, நோயுள்ள வீடு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

20ஆம் நூற்றாண்டில் வந்த பெந்தெகொஸ்தே சபைகள் யாக்கோபின் வசனத்தை எழுத்தின்படியே எடுத்துக்கொண்டன. பாஸ்டரோ மூப்பரோ எண்ணெய் பூசிச் செபிக்கிறார். ஆயர் அர்ச்சிக்க வேண்டியதில்லை. செபித்த தேங்காய் எண்ணெயும் ஒலிவ எண்ணெயும் ஒன்றுதான். இச்சபைகளில் அபிஷேகம் என்ற சொல் பெரும்பாலும் எண்ணெயைக் குறிப்பதில்லை. பரிசுத்த ஆவியின் நிறைவையே குறிக்கிறது. அடையாளத்தை விட்டுப் பொருளை நேராகப் பிடித்துக்கொண்டவர்கள், நோயாளி முன்னால் மட்டும் அடையாளத்தையும் கையில் எடுக்கிறார்கள். கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தின் செபக் கூட்டங்களிலும் பொதுநிலையினர் எண்ணெய் பூசிச் செபிக்கும் பழக்கம் பரவியது. இதைத் தடுத்து 1997 ஆகஸ்ட் 15 தேதியிட்ட உரோமை அறிவுறுத்தல் ஒன்று வந்தது. குருவல்லாதவர்கள் எந்த எண்ணெயையும், நோயாளர் எண்ணெய் அல்லாத வேறு எண்ணெயையும்கூட, நோயாளிக்குப் பூசக் கூடாது, அது அருட்சாதனம் என்று தவறாகக் கொள்ளப்படும் என்பது அதன் விதி. செபக் கூட்டங்களில் அது ஓரளவு கடைப்பிடிக்கப்படுகிறது. திருத்தலப் புட்டிகள் வீட்டுக்குப் போனபின் யார் யாருக்குப் பூசுகிறார் என்பதை எந்த அறிவுறுத்தலும் எட்டுவதில்லை.